குளிர்ந்த தண்ணீரில் குளோரின் மாத்திரை: 30 நிமிடம் போதுமா?

மலைநடை

வணக்கம். ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் நானும் ஒரு தோழியும் ஐந்து நாள் மலைப்பயணம் போனோம். வழியெல்லாம் பனி உருகி வரும் ஓடைகள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கையை அரை நிமிடம் உள்ளே வைத்தால் விரல் மரத்துப்போகும், அவ்வளவு குளிர். குடிக்க எடுத்த தண்ணீர் அத்தனையிலும் குளோரின் மாத்திரை போட்டோம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும், 30 நிமிடம் காத்திருக்கவும் என்று அட்டையில் இருந்தது. நான் கடிகாரம் பார்த்து 30 நிமிடம் விட்டுத்தான் குடித்தேன். ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

திரும்பி வந்த பத்தாம் நாள் ஆரம்பித்தது. வயிற்று உப்புசம், அழுகிய முட்டை வாடையில் ஏப்பம், எண்ணெய் மிதப்பது போன்ற பேதி. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டேன். முதல் இரண்டு மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில்தான் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்று வந்தது. மருந்து சாப்பிட்டு இப்போது நலம்.

எனக்குப் புரியாதது இதுதான். தோழி குடித்ததும் அதே ஓடைத் தண்ணீர், அதே அட்டை மாத்திரை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வித்தியாசம், அவர் ராத்திரியே பாட்டிலை நிரப்பி, மாத்திரை போட்டு, உறைந்துவிடக் கூடாது என்று தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்வார். மறுநாள் குடிப்பார். நான் நடக்கும்போதே நிரப்பி, பையின் வெளிப்பக்கம் சொருகிவிடுவேன். தண்ணீரின் குளிருக்கும் மாத்திரை வேலை செய்யாமல் போனதற்கும் தொடர்பு உண்டா?

வடிநீர்

தம்பி, நலமானது நல்ல செய்தி. கேட்ட கேள்வி சரியான கேள்வி. தொடர்பு உண்டு, நிறையவே உண்டு.

நான் 22 வருடமாக ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவன். நாங்கள் குளோரினின் வேலையை ஒரே ஒரு எண்ணால் அளப்போம். தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எடுத்து, அதைத் தொடர்பு நேரத்தால், அதாவது எத்தனை நிமிடம் என்பதால் பெருக்கினால் வருவது. சி.டி. என்று சொல்வோம். 1908இல் ஹாரியட் சிக், ஹெர்பர்ட் வாட்சன் என்ற இருவர் போட்ட அடித்தளம் இது. உங்கள் கணக்கு 2 பெருக்கல் 30, ஆக 60.

இந்த 60 போதுமா என்றால், எந்த வெப்பநிலையில் என்று நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணை ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஜியார்டியாவில் ஆயிரத்துக்கு 999ஐக் கொல்ல, பி.எச். (அமில, கார அளவு) 7 உள்ள தண்ணீரில், 1 மில்லிகிராம் அளவில் தேவைப்படும் சி.டி. அதில் இப்படி இருக்கிறது:

25 டிகிரி செல்சியஸில் 37
20இல் 56
15இல் 75
10இல் 112
5இல் 149
உறைநிலையை ஒட்டி, அரை டிகிரியில் 210

20க்கும் 10க்கும் நடுவில் பாருங்கள். பத்து டிகிரி இறங்கினால் தேவை சரியாக இரண்டு மடங்கு. 25இல் இருந்து 5க்கு வந்தால் நான்கு மடங்கு. வெதுவெதுப்பான சமவெளித் தண்ணீராக இருந்தால் உங்கள் 60 தாராளம். 5 டிகிரி ஓடையில் அது பாதிகூட இல்லை. தோராயமாகக் கணக்குப் போட்டால், ஆயிரத்தில் ஒன்று பிழைக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கு ஆறு பிழைத்திருக்கும். ஜியார்டியா தொற்றுவதற்குப் பத்து சிஸ்ட், அதாவது கூட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி, உள்ளே போனாலே போதும் என்று 1954இலேயே தன்னார்வலர்களை வைத்துச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் ஒழுங்காகத்தான் காத்திருந்தீர்கள். அந்த 30 நிமிடம் உங்கள் தண்ணீருக்குப் போட்ட 30 நிமிடம் இல்லை.

கரைசல்

வடிநீர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வேதியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டு இடம் இடிக்கிறது.

ஒன்று, குளிர்ந்த தண்ணீரில் குளோரின் சீக்கிரம் சிதையாது, நீண்ட நேரம் நிற்கும். இரண்டு, குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. இவற்றில் அமிலம்தான் கிருமியைக் கொல்வதில் கெட்டி. பி.எச். 7.5 என்று வைத்தால், 25 டிகிரியில் பாதிக்குச் சற்று மேல் அமிலமாக இருக்கும். 5 டிகிரியில் அது 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். குளிரில் கொல்லும் வடிவம் கூடுகிறது, அதுவும் கூடுதல் நேரம் நிற்கிறது. அப்படியென்றால் குளிர்ந்த தண்ணீரில் கிருமிநீக்கம் நன்றாக நடக்க வேண்டுமே?

நுண்ணோக்கி

கரைசல் சொன்ன இரண்டும் உண்மை. ஆய்வகத்தில் ஒட்டுண்ணிகளோடு வேலை பார்க்கிறவள் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

அமிலத்தின் பங்கு 52இல் இருந்து 64 சதவீதம் ஆவது ஒரு சிறு லாபம், கால் பங்கு கூடுவது மாதிரி. எதிர்ப்பக்கம் நடப்பதோ நான்கு மடங்கு இழப்பு. அந்த இழப்பு எங்கிருந்து வருகிறது என்றால், ஒட்டுண்ணியின் கூட்டிலிருந்து.

பாக்டீரியா தண்ணீரில் கிட்டத்தட்ட வெற்றுடம்போடு இருக்கிறது. ஜியார்டியா அப்படியில்லை. குடலை விட்டு வெளியே வரும்போது சிஸ்ட் என்னும் முட்டை வடிவக் கூட்டுக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. நீளம் 8 முதல் 12 மைக்ரான். இழை இழையாக நெய்த சர்க்கரையும் புரதமும்தான் கூட்டின் சுவர். குளோரின் மூலக்கூறு அந்தச் சுவரை ஊடுருவி, உள்ளே இருக்கும் புரதங்களோடு வினைபுரிந்தால்தான் சாவு. ஊடுருவலும் வினையும் இரண்டுமே வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டவை. 1889இல் அரீனியஸ் என்ற வேதியியலாளர் எழுதிய சமன்பாடுதான் இங்கேயும். மூலக்கூறுகளிடம் தடையைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் இருக்க வேண்டும். குளிரில் அந்த ஆற்றல் உள்ளவை குறைவு. குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கெட்டியாகவும் இருப்பதால் மூலக்கூறு நகர்வதே மந்தம்.

இதோடு முடியவில்லை. குளிர் சிஸ்டைக் காப்பாற்றவும் செய்கிறது. 1979இல் வந்த ஓர் ஆய்வில் ஜியார்டியா சிஸ்டுகள் 8 டிகிரி தண்ணீரில் 77 நாள் வரை உயிரோடு இருந்தன. 21 டிகிரியில் 5 முதல் 24 நாள். 37 டிகிரியில் நான்கு நாளைத் தாண்டவில்லை. மலையோடை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது, மேலே ஆளே இல்லை என்று நினைப்போம். இரண்டு மாதத்துக்கு முன் எங்கோ மேலே ஒரு விலங்கு போட்ட எச்சத்திலிருந்து வந்த சிஸ்டுகூட அந்தக் குளிரில் காத்துக்கொண்டு இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் எதிரிக்கு ஆயுள் அதிகம், நம் மருந்துக்கு வேகம் குறைவு. இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன.

கரைசல்

நுண்ணோக்கி, நன்றி. நான் மருந்தின் பக்கம் மட்டும் பார்த்திருக்கிறேன், கூட்டை யோசிக்கவில்லை. முதல் விஷயத்தை மட்டும் இன்னும் விடமாட்டேன்: குளோரின் சிதைவது. பிறகு வருகிறேன்.

தொட்டிலோசை

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. எனக்கு ஒன்பது மாதக் குழந்தை. தண்ணீரை 20 நிமிடம் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். அது போதுமா, இன்னும் கூட்ட வேண்டுமா? மாத்திரையும் சேர்த்துப் போட வேண்டுமா? கொதிக்கும்போதே போட்டால் சூட்டில் இன்னும் வேகமாக வேலை செய்யுமா?

நுண்ணோக்கி

பயப்படவே வேண்டாம். கொதிக்கவைக்கிறீர்கள் என்றால் இந்த இழையில் உள்ளவர்களிலேயே பாதுகாப்பான தண்ணீர் உங்கள் குழந்தையுடையதுதான்.

20 நிமிடமும் தேவையில்லை. குமிழி தளதளவென்று கிளம்பிய பின் ஒரு நிமிடம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருந்தால் மூன்று நிமிடம். தளதளவென்று கொதி வந்தாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூடச் சூட்டுக்கு உடனே விழுந்துவிடும். 64 டிகிரியில் சில நிமிடம், 72 டிகிரியில் ஒரே நிமிடம், அப்புறம் அதற்குத் தொற்றும் சக்தி இருக்காது. தண்ணீர் சூடாகி 100க்கு ஏறும் வழியிலேயே அதன் கதை முடிந்துவிடுகிறது. கொதிநிலையை நாம் பிடித்துக்கொள்வதற்கு ஒரே காரணம், வெப்பமானி இல்லாமல் கண்ணால் பார்த்தே அறியக்கூடிய ஒரே வெப்பநிலை அதுதான்.

மாத்திரை வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் குளோரின் ஆவியோடு போய்விடும், மிச்சமும் சீக்கிரம் சிதையும். கொதித்த தண்ணீரை மூடி வைத்து ஆறவிடுங்கள். கரண்டி, பாட்டில், கை, இவை சுத்தமாக இருக்கட்டும். கொதித்த பிறகு மறுபடி அழுக்குச் சேர்வதுதான் உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து.

மலைநடை

உயரமான இடத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அதனால் கொதிக்கவைத்தும் பயனில்லை என்று பயணத்தில் ஒருவர் சொன்னார். அதனால்தான் நாங்கள் அடுப்பை நம்பவில்லை.

நுண்ணோக்கி

4,000 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரி அளவில் கொதிக்கும். 5,000 மீட்டரில் 83 அளவில். இரண்டுமே ஒட்டுண்ணிகள் சாகும் சூட்டுக்கு மேலேயேதான் இருக்கின்றன. மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் எந்த மலையிலும் சரிதான். இனி அடுப்பை நம்புங்கள்.

வடிநீர்

கிரிப்டோ பேச்சு வந்துவிட்டது. இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மேலே நான் போட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு யாரும், "தண்ணீரைச் சூடாக்கி மாத்திரை போட்டால் எல்லாம் செத்துவிடும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கிரிப்டோஸ்போரிடியத்தின் கூடு 4 முதல் 6 மைக்ரான்தான், ஜியார்டியாவில் பாதி. சுவர் மட்டும் வேறு ரகம். 25 டிகிரி, பி.எச். 7.5 என்ற வசதியான நிலையிலும் ஆயிரத்துக்கு 999ஐக் கொல்ல 15,300 சி.டி. தேவை. நீச்சல் குளத்தில் யாருக்காவது பேதி ஆகிவிட்டால் செய்யும் மிகைக் குளோரினேற்றத்துக்கு வைத்திருக்கும் எண் இது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரினை 12 மணி 45 நிமிடம் நிறுத்தினால்தான் அந்த அளவு வரும். குடிக்கிற தண்ணீரில் இது நடக்காது. அங்கே வெப்பநிலையைப் பேசிப் பயனில்லை. குளோரினையே விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

1993 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்தது இதுதான். மிச்சிகன் ஏரித் தண்ணீர், முழுச் சுத்திகரிப்பு, குளோரினும் இருந்தது. வடிகட்டி தாண்டி வந்த தண்ணீரில் கலங்கல் மட்டும் கூடியிருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோய்ப்பட்டார்கள் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். அந்த நிலையத்தின் ஆட்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பல ராத்திரி ஷிப்டில் யோசித்திருக்கிறேன். குளோரின் மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கிருமி குழாய்க்குள் போகிறது.

வடிகட்டியிலும் குளிர் கைவைக்கும். 5 டிகிரித் தண்ணீர் 25 டிகிரித் தண்ணீரைவிட எழுபது சதவீதம் கூடுதல் பாகுத்தன்மை கொண்டது. படிகாரம் போட்டுக் கலக்கிக் கலங்கலைத் திரட்டும்போது, குளிரில் திரள் சின்னதாக, பஞ்சு மாதிரி வரும், இறங்கவே இறங்காது. வெயில் காலத்தில் அரை மணியில் தெளிகிற தொட்டி குளிர்காலத்தில் கலங்கியபடியே வடிகட்டிக்குப் போகும். இதை யாரும் பாடத்தில் சொல்லித் தரவில்லை, தொட்டியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என் ஆரம்ப காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வேலை பார்த்த நிலையத்தில் குளோரின் அளவுக்கு ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் ஓடினால் எவ்வளவு குளோரின் என்று மட்டும் இருக்கும். வெப்பநிலைக்குக் கட்டமே கிடையாது. கோடையில் போட்டதையே குளிர்காலம் முழுக்கப் போட்டோம். எஞ்சிய குளோரின் அளவு நன்றாகத்தான் இருந்தது, அதனால் எல்லாருக்கும் திருப்தி. கணக்கைக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு நாள் பழைய பதிவேட்டை எடுத்துச் சி.டி. போட்டுப் பார்த்தேன். குளிர் மாதங்களில் தேவையில் பாதியை ஒட்டித்தான் ஓட்டியிருக்கிறோம். அதற்கு யாராவது நோய்ப்பட்டார்களா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. மேலதிகாரியிடம் சொன்னேன். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்றார். நான் பென்சிலால் அந்த அட்டவணையில் ஒரு கட்டம் வரைந்து, தண்ணீரின் டிகிரியை எழுத ஆரம்பித்தேன். இன்றுவரை ஷிப்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான்.

சூரியக்குடுவை

பேரிடர்க் காலத்தில் தற்காலிக முகாம்களில் தன்னார்வலராக வேலை பார்த்திருக்கிறேன். மருந்தும் விறகும் இல்லாதபோது நாங்கள் கையில் எடுப்பது வெயில். தெளிந்த தண்ணீரைக் கறை இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைப்போம். மேகமாக இருந்தால் இரண்டு நாள். லெபனானில் ஆஃப்திம் அக்ரா என்ற பேராசிரியர் 1980களில் ஆராய்ந்து பரவச் செய்த முறை.

இதிலும் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அனுபவம். புற ஊதாக் கதிர் ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து அடிக்கும்போது வேகம் கூடுகிறது. 45 டிகிரியைத் தாண்டியதும் அது தெரியும். 50 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஒரு மணி நேரமே போதும் என்று பயிற்சிக் கையேடுகள் சொல்கின்றன. அதனால் பாட்டிலைத் தகரத்தின் மேல் வைக்கச் சொல்வோம், அடியில் சூடு ஏறும்.

கலங்கல் இருந்தால் வேலைக்காகாது. பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, மேலிருந்து பார்த்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரியவில்லை என்றால் முதலில் தெளியவைக்க வேண்டும்.

நுண்ணோக்கி அக்காவுக்கு ஒரு கேள்வி. இந்த ஆறு மணி நேரம் கிரிப்டோவுக்கும் சரியா?

நுண்ணோக்கி

ஆறு மணி நேரத்தை நான் நம்ப மாட்டேன். வெயில் முறையின் கணக்குப் பாக்டீரியாவை வைத்துப் போட்டது. கிரிப்டோவின் கூடு வெயிலையும் தாங்கும். பாக்டீரியா போன பிறகும் அது பல மணி நேரம் நிற்கும். முகாமில் வேறு வழி இல்லாதபோது வெயிலில் வைத்த தண்ணீர், வைக்காததைவிட எவ்வளவோ மேல், அதில் சந்தேகம் இல்லை. நீங்கள் செய்தது பல உயிர்களைக் காத்திருக்கும். கிரிப்டோதான் பிரச்சினை என்று தெரிந்த இடத்தில் மட்டும் சூட்டுப் பக்கமே சாயுங்கள். 65 டிகிரியில் ஆறு நிமிடம் நின்றால் தண்ணீர் பாஸ்டரைஸ் ஆகிவிடும், கொதிக்க வேண்டியதில்லை. உள்ளே தெரியும் குழலுக்குள் மெழுகு வைத்த ஒரு சின்னக் கருவி உண்டு. தண்ணீர் 70 டிகிரியை நெருங்கும்போது மெழுகு உருகிக் கீழே இறங்கிவிடும், பிறகு ஆறினாலும் சாட்சியாக அங்கேயே இருக்கும். சூரிய அடுப்போடு அது நன்றாகப் போகும்.

பனித்துளி

ஒரு சின்ன விஷயம். பனிக்கட்டியை உருக்கிக் குடித்தால் கிருமி இருக்காது, உறைந்தால் எல்லாம் செத்துவிடும் என்றுதானே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்?

நுண்ணோக்கி

சாகும், ஆனால் நாம் நினைக்கும் வேகத்தில் இல்லை. கிரிப்டோவின் கூடுகளை உறையவைத்துச் சோதித்திருக்கிறார்கள். மைனஸ் 10 டிகிரியில் ஒரு வாரம் கழித்தும் தொற்றும் சக்தி இருந்தது. மைனஸ் 20இல் 8 மணி நேரம் வரை தாங்கி, 24 மணி நேரத்தில் போனது. மைனஸ் 70இல் உடனே போனது. இயற்கைப் பனியும் ஐஸ் தட்டும் மைனஸ் 70க்குப் போவதில்லை. உருக்கியதைக் கொதிக்கவையுங்கள்.

கரைசல்

சொன்னபடி திரும்பி வந்துவிட்டேன். குளிர் மோசம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையைப் படிக்கிறவர்கள், சூடான தண்ணீர் என்றால் கவலையே இல்லை என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தவறாகிவிடும்.

சூட்டில் குளோரின் கிருமியோடு மட்டும் வேகமாக வினைபுரிவதில்லை. தண்ணீரில் இருக்கும் இலைச்சாறு, பாசி, குழாய்த் துரு, எல்லாவற்றோடும் வேகமாக வினைபுரிகிறது. வெயிலில் காயும் மொட்டைமாடித் தொட்டியில் காலையில் ஊற்றிய குளோரின் மாலைக்குள் காணாமல் போவது அதனால்தான். இந்த வினைகளில் உண்டாகும் ட்ரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத துணைப்பொருள்களும் சூட்டில் கூடும். வடிநீர் ஐயா சொன்ன பெருக்கலில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அளவு பூஜ்யமாகிவிட்டால் விடையும் அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு போட்டோம் என்று பார்ப்பதைவிட, காத்திருந்து முடித்த பின் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வெதுவெதுப்பான தண்ணீரை விரும்பும் உயிர்களும் உண்டு. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா 46 டிகிரி வரை பெருகும். அது குடிப்பதால் தொற்றாது, மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும். குளோரின் ஒழுங்காக நின்றால் அடங்கிவிடும். ஆனால் கோடையில் குளோரின் நிற்பதுதானே கஷ்டம்.

வடிநீர்

கரைசல் சொன்னது நூற்றுக்கு நூறு. நாங்கள் சி.டி. போடுவதே தொட்டியின் கடைசியில், தண்ணீர் வெளியேறும் இடத்தில் அளந்த குளோரினை வைத்துத்தான். உள்ளே நுழையும் இடத்து எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பி.எச். பற்றியும் ஒரு வரி. 5 டிகிரியில் பி.எச். 7 என்றால் 149. அதே தண்ணீர் பி.எச். 8 ஆனால் 216. குளிரும் காரமும் சேர்ந்து வந்தால் குளோரினுக்குக் கையும் காலும் கட்டியது மாதிரி.

மலைநடை

ஓசோன், புற ஊதா விளக்கு, குளோரின் டை ஆக்சைடு, இவற்றுக்கும் குளிர் ஒத்துவராதா? அடுத்த பயணத்துக்கு எதை எடுப்பது என்று யோசிக்கிறேன்.

வடிநீர்

ஓசோனும் குளிருக்கு மசிகிறதுதான். ஜியார்டியாவுக்கு அதே அளவு கொல்ல 25 டிகிரியில் 0.48 சி.டி., 5 டிகிரியில் 1.9. அங்கேயும் நான்கு மடங்கு, ஆனால் எண்ணே சின்னது என்பதால் நிலையம் சமாளித்துவிடும். கிரிப்டோவுக்குக் குளிர் இன்னும் கடுமை. நூற்றுக்கு 99ஐக் கொல்ல 25 டிகிரியில் 4.9, 5 டிகிரியில் 32. ஆறரை மடங்கு! ஓசோனை நம்பி வடிவமைத்த நிலையம் குளிர்காலத்தில் திணறுவது இந்த இடத்தில்தான். மலைக்கு ஓசோனைத் தூக்கிப் போக முடியாது, விடுங்கள்.

குளோரின் டை ஆக்சைடு கிரிப்டோவைக் கொல்லும், ஆனால் மெதுவாக. 99 சதவீதத்துக்கு 25 டிகிரியில் 150, 5 டிகிரியில் 858. அந்த மாத்திரை அட்டையில் நான்கு மணி நேரம் என்று போட்டிருப்பது சும்மா இல்லை.

குளோரமைன், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜியார்டியாவுக்கு 5 டிகிரியில் 2,200.

புற ஊதா விளக்குதான் விதிவிலக்கு. கதிர் உள்ளே புகுந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, அதற்குச் சுவரைக் கரைக்கும் வேலை இல்லை. தண்ணீர் சூடா, குளிரா என்பது அவ்வளவாகப் பொருட்டில்லை. கிரிப்டோவும் ஜியார்டியாவும் ஆயிரத்துக்கு 999 செயலிழக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் அளவு போதும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோ புற ஊதாவுக்கு இவ்வளவு எளிதாக விழும் என்று 1990களின் கடைசியில்தான் தெரியவந்தது. எங்கள் துறையையே மாற்றிய விஷயம் அது. ஆனால் விளக்கு குளிரும். குறைந்த அழுத்தப் பாதரச விளக்கின் சுவர் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் அது முழு வெளிச்சம் தரும். தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவில் குவார்ட்ஸ் உறை போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கையில் பிடிக்கும் சின்ன விளக்கு என்றால் குளிரில் பேட்டரி இறங்கிவிடும், ராத்திரி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய தண்ணீரில் அது வேலை செய்யாது.

கூடாரவாசி

மலைநடை சொன்ன தோழி நான்தான். இழையை முழுக்கப் படித்தேன். ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். மூன்றாம் நாள் மதியம் நானும் அவன் பாட்டிலிலிருந்து நாலு வாய் குடித்தேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகாததற்குத் தூக்கப்பை மட்டும்தான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்கு ஜியார்டியா வந்தும் அறிகுறி இல்லாமல் இருக்கும் என்று என் மருத்துவர் சொன்னார். நானும் பரிசோதனை செய்துகொள்ளப் போகிறேன்.

இன்னொன்று, பழைய அட்டை என் பையில் கிடைத்தது. பின்பக்கம், மடிப்புக்குள், பொடி எழுத்தில் இருக்கிறது: "தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழ் இருந்தால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கவும்." நாங்கள் இருவருமே அந்த மடிப்பைப் பிரிக்கவில்லை.

நுண்ணோக்கி

பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒரு மாதிரியில் வராவிட்டால் விட்டுவிடாதீர்கள். சிஸ்டுகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை. மலைநடைக்கும் அதனால்தான் மூன்றாவது தடவை வரை ஆனது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுங்கள்.

வடிநீர்

அந்தப் பொடி எழுத்து இருந்தது நல்லதுதான். ஆனால் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இரட்டிப்பு என்றால் 2 பெருக்கல் 60, ஆக 120. 10 டிகிரித் தண்ணீருக்கு 112 தேவை, ஆகவே சரி, மயிரிழையில். 5 டிகிரிக்கு 149, போதாது. பனி உருகி வருகிற தண்ணீருக்கு 210, பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. மாத்திரையின் குளோரினில் ஒரு பங்கைத் தண்ணீரே தின்றுவிட்டால் இன்னும் மோசம். பத்து டிகிரிக்குக் கீழ் எல்லாம் ஒன்றே என்று எழுதியவர்கள், அந்தத் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த பயணத்துக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால், தம்பி, அடுப்பு இருக்கும் நேரத்தில் கொதிக்கவைத்து பாட்டிலை நிரப்பிக்கொள்வேன். நடுவழிக்கு 1 மைக்ரான் அல்லது அதற்கும் நுண்ணிய துளை உள்ள வடிகட்டி. அது "அப்சல்யூட்" என்று, அதாவது எந்தத் துளையும் அந்த அளவைத் தாண்டாது என்று சான்று பெற்றதா என்று பார்த்து வாங்குங்கள். சராசரி 1 மைக்ரான் என்று எழுதியிருப்பவை கிரிப்டோவை விட்டுவிடலாம். வடிகட்டி நனைந்தபடி உறைந்தால் உள்ளே வெடிப்பு விழும், வெளியே தெரியாது. அதையும் ராத்திரி தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைதான் ஒரே வழி என்றால், பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து முதலில் குளிர் போகவிட்டு, பிறகு போட்டு, குறைந்தது நான்கு மணி நேரம் விடுவேன்.

மலைநடை

ஐயா, சட்டைக்குள் வைத்தால் எவ்வளவு நேரத்தில் எத்தனை டிகிரி ஏறும் என்று வீட்டிலேயே பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு லிட்டர் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, வெப்பமானியோடு ஜாக்கெட்டுக்குள் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது 40 நிமிடம் ஆகிறது, 11 டிகிரி. இரண்டு மணி நேரம் வரை பார்த்து எண்களை இங்கே போடுகிறேன்.